நான்காம் கூண்டில் கலப்பு

படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் டாக்டர் பட்டம் வாங்கியவர்களே அவரைக் கேட்டுத்தான் அந்தக் கூடத்தின் கதவைத் திறப்பார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர், யார் சிபாரிசும் இல்லாமல் ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சிக் கூடத்துக்கே பொறுப்பாளர் ஆனார். ஊரே மருந்தடித்து ஒழிக்கப் பார்க்கும் வெள்ளை ஈயை இருபத்திரண்டு வருஷம் பிள்ளை போல வளர்த்தவர். ‘ஈக்காரர்’ என்று கூப்பிட்டால் நெஞ்சு நிமிரும்.

வெள்ளை ஈ எல்லாம் பார்வைக்கு ஒரே அச்சு. மரபணுவில்தான் வேறு வேறு. ஒன்று மரவள்ளியில் குடித்தனம் நடத்தும். இன்னொன்று பருத்தியில் கொழிக்கும், மரவள்ளியில் விட்டால் அதன் குஞ்சு தேறாது. கத்தரியில் இரண்டும் வளரும். நான்காம் கூண்டில் கத்தரிச் செடியில் இருந்தது சுத்தமான மரவள்ளி இனம். நிலையத்தின் விஞ்ஞானி டாக்டரம்மாவின் மூன்று வருஷ ஆராய்ச்சி அதை நம்பித்தான் நின்றது.

ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மா சோதனை முடிவோடு வந்தார்.

“அண்ணே, நாலாம் கூண்டுல பருத்தி இனமும் கலந்திருக்கு.”

“என் கையில கலப்பா? மெஷினைப் பாருங்க மேடம்.”

“ரெண்டு தடவை பார்த்தாச்சு. இது சுத்தமாகலைன்னா நான் முதல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.”

கூண்டு வலையைத் தடவித் தடவிப் பார்த்தார், ஓட்டை இல்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை.

“என்ன, மூஞ்சி தொங்குது? உங்க ஈக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள் மனைவி.

சொன்னார். அவள் யோசித்தாள்.

“போன மாசம் துவைக்கிறப்ப, மக வாங்கித் தந்த சட்டையில காலர் மடிப்பெல்லாம் வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. பவுடர்னு நினைச்சேன்.”

அது பளிச்சென்ற மஞ்சள் சட்டை. மஞ்சளைக் கண்டால் வெள்ளை ஈ மொய்க்கும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுப்பவர் அவர். அதைப் போட்டுக்கொண்டு போன அன்று கூடத்தைப் போட்டோ எடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். சட்டை தெரியட்டும் என்று, கூடத்துக்குள் மேலே போடும் வெள்ளைக் கோட்டின் பொத்தானைத் திறந்துவிட்டு, பருத்திக் கூண்டிலிருந்து நேராக நான்காம் கூண்டுக்குள் நுழைந்திருந்தார்.

மறுநாள் காலை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

“காரணம் தெரியலைன்னு எழுதிக்கலாம்ணே,” என்றார் டாக்டரம்மா மெதுவாக.

“வேணாம். என் சட்டைன்னே எழுதுங்க. நாப்பது மரவள்ளிக் கன்னு மட்டும் கொடுங்க.”

குழாயால் ஈக்களை உறிஞ்சிப் பிடித்து, கன்றுக்குப் பத்தாக விட்டார். அவை முட்டையிட்டதும் பழைய ஈக்களையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டார். பருத்தி இனத்துக் குஞ்சுகள் ஒட்டிய இடத்திலேயே காய்ந்தன. புதிதாகச் சிறகு விரித்தவற்றை மட்டும் சுத்தமான கூண்டுக்கு மாற்றினார். அடுத்த தலைமுறையைச் சோதித்ததில் கலப்பே இல்லை.

டாக்டரம்மா சிரித்த முகத்தோடு தாளை நீட்டினார்.

“இன்னும் ஒரு தடவை பாருங்க மேடம்,” என்றார் அவர். “நான் வளர்த்ததுங்கறதுக்காக விட்டுடாதீங்க.”