மழுங்கினால்தான் மாற்றும் ஊசி

சுப்பிரமணிக்குச் சோறு போட்டது லேத்து மெஷின்தான். அதுவே ஒருநாள் கட்டைவிரலில் பாதியை வாங்கிக்கொண்டது. மறைமலை நகர் போல்ட்டு கம்பெனிக்காரர்கள் ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் முதலுதவி அறையில் உட்காரவைத்தார்கள். கட்டுப் போடவும் மாத்திரை கொடுக்கவும் மனுஷன் சீக்கிரமே கற்றுக்கொண்டார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் தை மாசத்தில் கம்பெனி சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கியது. விரலில் குத்துவதற்குப் பேனா மாதிரி ஒன்றும் கூடவே வந்தது. திங்கட்கிழமை காலையில், ஷிப்டுக்கு முன்னால், சர்க்கரைக்காரர்கள் ஒன்பது பேர் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பார்கள். கேன்டீனில் சமைக்கும் மீனம்மாளும் அதில் ஒருத்தி. பேனாவுக்குள் இருக்கும் ஊசியை ஆளுக்கு ஆள் மாற்றவேண்டும் என்று சுப்பிரமணிக்குத் தோன்றவே இல்லை. லேத்தில் இரும்பு சீவும் டூல் மழுங்கினால்தானே மாற்றுவோம்? ஸ்பிரிட்டில் துடைப்பார், அடுத்த விரலில் குத்துவார். ஒரே ஊசியை ஒரு மாசம் ஓட்டினேன் என்று பெருமை வேறு. அட, வரிசையில் நின்ற ஒருத்தராவது கேட்டார்களா!

ஆடி மாசம் நாகப்பன் என்ற ஃபிட்டருக்குக் கண் மஞ்சளானது. பின்னாலேயே இன்னும் இரண்டு பேருக்கு. "கேன்டீன் தண்ணிதான்" என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. விசாரிக்காமல் கொள்ளாமல் மீனம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்ன அநியாயம்!

மெட்ராஸிலிருந்து வந்த டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, "இது தண்ணியில வர்ற காமாலை இல்ல. ரத்தத்துல தொத்துறது" என்றார். மூன்று பேருமே திங்கட்கிழமை வரிசைக்காரர்கள். பேனாவைக் கழற்றிப் பார்த்தவர், "ஒம்பது பேருக்கும் ஒரே ஊசியா?" என்று கேட்டார். சுப்பிரமணி நேராக மானேஜரிடம் போய்த் தப்பு தன்னுடையது என்று சொன்னார். மீனம்மாளைத் திரும்பக் கூப்பிட அவரையே அனுப்பினார்கள்.

ஒரகடத்து வீட்டில் அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் மஞ்சள்.

"என் சமையல்தான் எல்லாரையும் கெடுத்துடுச்சி தம்பி. எனக்கே வந்துகீது பாரு."

"இல்லக்கா. உன் சமையல்ல ஒண்ணும் இல்ல. என் ஊசியாலதான் வந்துச்சி. உனக்கும் நான்தான் குத்தி வச்சிட்டேன்."

திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார். அவளோ இன்னொரு தரம் கேட்டாள்.

"நெஜமாவா? நான் போட்ட சோத்தால இல்லியா?"

"சத்தியமா இல்லக்கா."

மீனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். சுப்பிரமணியால்தான் அதைப் பார்க்க முடியவில்லை.