மஞ்சள் கரு அம்மாவுக்கு

அப்பா இறந்த பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை, பசி எடுக்கவில்லை, கறிக்குழம்புக்கும் கஞ்சிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த சனம் விடாமல் ஆறுதல் சொன்னது. அதிலிருந்து தப்பிக்கத்தான் தென்காசியில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கண்ணாடியைப் பார்க்கவே அவனவனுக்கு நேரம் போதவில்லை.

தொப்பையும் குச்சிக் கையுமாகப் போய் நின்றேன். வெறும் கம்பியைத் தூக்கினாலே கை நடுங்கியது. வலித்தது. அந்த வலியும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கோ தள்ளித்தான் கேட்டது.

அம்மா சாப்பிடுவதையே விட்டிருந்தாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து பார்த்துவிட்டு, "போதும்லே" என்று எழுந்துவிடுவாள். கெஞ்சினேன், கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப்போய், பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொண்டாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று பயந்தேன். அந்தப் பயம் மட்டும் எனக்கு மரத்துப்போகவில்லை.

செல்போனில் ஒருவன் சட்டையில்லாமல் வந்து, சதை தெரிய வேண்டுமானால் முட்டையில் வெள்ளைக் கருவை மட்டும் தின்னச் சொன்னான். மறுநாள் காலையில் அவித்த முட்டைகளைப் பிளந்து மஞ்சள் கருவைத் தட்டோரம் ஒதுக்கினேன்.

"ஏலே, இத என்ன செய்ய?" என்றாள் அம்மா.

"குப்பையில போடு."

"குப்பையிலயா? காசு என்ன மரத்துலயா காய்க்கு?"

என்னைத் திட்டிக்கொண்டே மிளகுப்பொடி தூவி, நின்றவாக்கில் அத்தனையையும் தின்றாள். அப்பா போனபின் அவள் எதையும் மிச்சம் வைக்காமல் தின்று நான் பார்த்தது அன்றுதான். அதன்பிறகு தினமும் அப்படியே நடந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஜிம் மாஸ்டரிடம் என் சாப்பாட்டைப் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி நீங்க? மஞ்சக்கருவையும் சேத்துத் தின்னாத்தான சதை பிடிக்கும்!"

சரி என்றேன். வீட்டில் அதைச் சொல்லவில்லை. இன்னும் ஒரு முட்டை சேர்த்து அவிக்கச் சொன்னேன்.

சாரல் தொடங்கியதும் ஜிம் ஆட்கள் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார்கள். சட்டையைக் கழற்றினேன். தோளில் சின்னதாக ஒரு மேடு, கையில் ஒரு கோடு.

"பரவால்லயே, அண்ணாச்சிக்கும் ஏறுது!" என்று கிண்டலடித்தார்கள்.

சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அருவிக்கடியில் நின்றேன், தண்ணீர் தோளில் அடித்தது, துவட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பிளேடால் ஜாக்கெட் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்த?"

"இறுக்குதுலே. பிடிச்சுத் தச்சதப் பிரிக்கேன்."

எழுந்துபோய் முட்டைத் தட்டை எடுத்துவந்து வைத்தாள். வழக்கம்போல மஞ்சள் கருவை ஒதுக்கினேன். அவள் அதைத் திரும்ப என் பக்கமே தள்ளினாள்.

"முழுசாத் தின்னுலே. எனக்குப் பசிக்கி. நான் சோறு போட்டுக்கிடுதேன்."

எதிரே உட்கார்ந்து, தட்டு நிறையச் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டாள். அவள் ஒரு வாய் வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் மஞ்சள் கருவை எடுத்து வாயில் போட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அப்பா இறந்த பிறகு எனக்குத் தெரிந்த முதல் ருசி அந்த உப்புதான்.