வண்டூர்க் கரையில் கூப்பிட்டது என் குரல்

அந்தமான் கராச்சர்மாவில் நான் கட்டிய வீடு நிற்கிறது, வந்து பாருங்கள். மேஸ்திரி வைக்காமல் கட்டியது. மணலையும் நானே சுமந்தேன். பொங்கல் விழாவுக்கு நாடக மேடை போட்டவன் நான். அதில் ஏறி நடிக்க ஆள் இல்லையென்றதும் கொத்தனார், மீன்காரர், ஆபீஸ் பியூன் எல்லாரையும் பிடித்து வந்து நடிகர்கள் ஆக்கியவனும் நான். மெயின்லேண்ட் சினிமாக்காரர்கள் வண்டூர்க் கரையில் படம் எடுக்க வந்தால் குடிசை செட் போட்டதும், படகு பிடித்ததும், கூட்டத்துக்கு ஆள் சேர்த்ததும் யார்? மூன்றாம் வகுப்பு தாண்டாத நான்தான். சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, நிக்கோபாரின் கட்சால் தீவில் அரசாங்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பம் எங்களுடையது. அந்தக் கத்தியைப் பிடித்த கையோடுதான் சினிமாவுக்குள் வந்தேன். கைதி, போலீஸ், படகோட்டி, பிணம், எல்லாம் நடித்திருக்கிறேன். பிணமாக நடிப்பது சுலபம் என்பவர்கள், மூக்கில் ஈ உட்காரும்போது அசையாமல் கிடந்து காட்டட்டும்.

இத்தனை செய்தவனுக்கு இப்போது பேச்சு வராது. தொண்டையில் கட்டி வந்து, மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்க் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்திலுள்ள ஓட்டை வழியாக மூச்சு விடுகிறேன். வாய் இருந்தால் எழுதுவேனா? பேசியே ஊரைக் கூட்டியிருப்பேன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

விஷயம் ஒரே ஒரு காட்சி. சுனாமியில் மகளைத் தொலைத்த அப்பா, கடலைப் பார்த்து அவளைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். அந்த வேஷத்துக்குச் சென்னையிலிருந்து வரவேண்டிய பெரிய நடிகர் வரவில்லை. டைரக்டர் என்னைப் பார்த்தார். "பெரியவரே, நீங்க பண்ணிருவீங்களா?" என்றார். "சலோ, கேமராவ வைங்க" என்றேன்.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கட்சாலில் எங்கள் மகளைக் கடல் கொண்டுபோனது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நிக்கோபாரித் தோழி வீட்டில் கேக் தருவார்கள் என்று கரைக்கு இறங்கிப் போனவள். நான் மேட்டிலிருந்து ஓடிவந்து கூப்பிட்டேன், கூப்பிட்டேன். தண்ணீரின் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கராச்சர்மாவுக்கு வந்துவிட்டோம். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் கிடையாது. மனைவியின் கட்டளை. "பேரச் சொன்னா அவ தண்ணிக்குள்ளருந்து திரும்பிப் பாப்பா. வர முடியாம நிப்பா. பாவம், வேணாங்க" என்பாள். நானும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

ஷூட்டிங் அன்று அவள் எனக்குச் சோறு கொண்டுவந்து, கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே நின்றிருந்தாள். அலை வந்தபோது சாய்ந்த மரங்கள் இன்னும் கிடக்கிற வண்டூர்க் கரை அது. அந்த மரங்களுக்கு நடுவே என்னை நிறுத்தினார்கள். உதவி டைரக்டர், மீசை முளைக்காத முகம், "தாத்தா, நல்லா அழணும், கிளிசரின் போடவா?" என்றான்.

"எடுத்துட்டுப் போப்பா. உங்க ஹீரோவுக்குப் போடு" என்றேன். கூட்டம் சிரித்தது.

அழுவதா நடிப்பு? ரப்பர் மரத்தில் கத்தி ஆழம் போனால் மரம் கெட்டுப்போகும், மேலோடு போனால் பால் வராது. நடிப்பும் அந்த அளவுதான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். நான் அழவில்லை. மூச்சைப் பிடித்து நின்றேன். வசனத்தில் இருந்த பெயரை வாய் வரை கொண்டுவந்து விழுங்கிவிட்டு, எங்கள் மகளைக் கூப்பிட்டேன். அவள் இருந்தபோது வீட்டில் கூப்பிட்ட பெயர்.

கட் சொல்ல டைரக்டர் மறந்துவிட்டார். பெங்காலிப் படகுக்காரன் ஓடிவந்து, "தாதா, ஏக்தம் ஹீரோ!", அண்ணே அசல் ஹீரோ என்று கட்டிப்பிடித்தான். மனைவி மட்டும் சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னொரு தரம் கூப்பிடுங்க" என்றாள்.

"டேக் ஓகே ஆயிருச்சு. படத்துல கேளு" என்றேன். தொழில் தெரிந்தவன் அப்படித்தான் சொல்வான். ஓகே ஆனதை மறுபடி செய்தால் பழுதாகும்.

படம் வரும்வரை தினமும் கேட்டாள். "எப்பங்க வரும்? சத்தம் நல்லா கேக்குமா?" டிவியில் வந்தபோது ஸ்டூலைப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரை வந்தது. சாய்ந்த மரம் வந்தது. என் முகம் வந்தது. வாய் திறந்தது. உள்ளேயிருந்து வேறு யாரோ, நன்றாகத் தின்று கொழுத்த குரலில், வசனத்தில் இருந்த பெயரைச் சொல்லி அழுதான்.

"யாருங்க இவன்?" என்றாள் மனைவி.

ஆட்களின் பெயர் ஓடும்போது எழுந்து நின்று பார்த்தேன். டீ கொடுத்தவர் பெயர்கூட வந்தது. கடைசியில் 'அந்தமான் மக்களுக்கு நன்றி'. நான் மக்களா? ஒரு ஆள் இல்லையா?

அப்போதே தொண்டை கரகரக்கத் தொடங்கியிருந்தது. இருந்த குரலில் சென்னைக்குப் போன் போட்டேன். புரொடக்‌ஷன் மேனேஜர் எடுத்தார்.

"டப்பிங் பேச என்னய ஏன் கூப்பிடல?"

"ஃப்ளைட் டிக்கெட் யார் போடுறது? உங்க தமிழ்ல பாதி இந்தி வேற."

"நான் கூப்பிட்டது ஒரு பேரு. அதுல என்னாய்யா இந்தி?"

"அந்தப் பேரு ஸ்கிரிப்ட்லயே இல்லையே பெரியவரே. பதட்டத்துல மாத்திக் கூப்பிட்டுட்டீங்க. வயசாச்சுல்ல, விடுங்க."

மாற்றிக் கூப்பிட்டேனாம்! கரையில் எடுத்த சத்தமாவது வேண்டும் என்றேன். டப்பிங் பேசுகிறவர் கேட்டுப் பேசுவதற்காக ஷூட்டிங்கிலேயே ஒரு சத்தம் எடுத்து வைப்பார்கள். எனக்குத் தெரியாதா? "படமே ஓடல. அந்த டிஸ்க் எங்க கிடக்கோ" என்று வைத்துவிட்டார். அதன்பின் எடுக்கவே இல்லை.

ஆபரேஷனுக்குப் போகுமுன் சமையற்கட்டில் அவள் பக்கத்தில் நின்று, இருக்கிற தொண்டையை வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். காற்றும் கரகரப்பும்தான் வந்தன. அவள் கையால் என் வாயைப் பொத்தினாள். "போதுங்க. அப்பா சத்தம்னு அவளுக்குத் தெரியாது. பயந்துருவா."

அவள் இப்போது எதுவும் கேட்பதில்லை. டிவியில் கடல் வந்தால் அணைத்துவிடுகிறாள். நானும் சைகை காட்டுவதை விட்டுவிட்டேன். என்ன காட்டுவது? ஒரு வீட்டில் இரண்டு பேர், பாத்திரச் சத்தம் மட்டும். இந்த ஓட்டையில் சளி அடைத்து ஒருநாள் நான் போய்விடுவேன். அதற்குள் அந்தச் சத்தத்தை அவள் காதில் போட வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

படம் எடுத்தவர்களே, அந்த டிஸ்க்கைத் தேடுங்கள். தேய்ந்த சத்தமானாலும், காற்று அடிக்கிற சத்தமானாலும் அனுப்புங்கள். அழித்துவிட்டீர்கள் என்றால் அழித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், காத்திருக்காமல் இருப்பாள். ஆனால் பெயர் விஷயத்தில் நான் விடமாட்டேன். அப்பாவாக நடித்தவர் என்று என் முழுப் பெயரை, தனியாக, எல்லாரும் படிக்கிற அளவில் போடுங்கள். குரல் இன்னொருவருடையது என்றும் போடுங்கள். நான் பதறி மாற்றிக் கூப்பிடவில்லை. தெரிந்துதான் கூப்பிட்டேன். அது நடிப்பு, அதை நடித்தவன் நான். எழுதிப் போடுங்கள்.