நைனா சிரிக்க வேண்டிய ஷாட்

சினிமாவில் பிணமாக நடிப்பவனுக்கு ஒரு சடங்கு உண்டு. ஷாட் முடிந்ததும் பாடையிலிருந்து எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் எடுப்பார்கள். எந்தப் படத்திலும் அது வராது. சிரித்துவிட்டால் செத்தது பொய்யாகிவிடும் என்பது நம்பிக்கை. நான் ஏழெட்டுத் தடவை செத்திருக்கிறேன். இதெல்லாம் மூடத்தனம் என்று டீக்கடையில் அளந்துகொண்டிருப்பேன். ஆனால் சிரிக்காமல் ஒரு நாளும் பாடையை விட்டு எழுந்ததில்லை.

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் எங்கள் வீட்டுப் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய குரல்தான் எனக்குக் கைகொடுத்தது. முதலில் திருப்பதி நாடகப் போட்டிகள், பிறகு சென்னை. கூட்டத்தில் நின்றேன், கான்ஸ்டபிள் ஆனேன், பிணம் ஆனேன். கேபிள் டிவி வந்து சீரியல்கள் பெருகிய பிறகுதான் வாயைத் திறக்க வசனம் கிடைத்தது. தமிழிலும் தெலுங்கிலும் சேர்த்தே எடுத்த ஒரு சீரியலில், இரண்டும் எனக்கு வரும் என்பதால், மூத்த அண்ணன் வேஷம் கொடுத்தார்கள். பத்து வருஷம் காத்துக் கிடந்து வந்த வேஷம். அது போனால் மறுபடி தறிதான்.

படப்பிடிப்பு திருப்பதியில், அமெரிக்காவுக்குப் போய்விட்ட ஒரு டாக்டரின் வீட்டில். முதல் நாளே கூடத்துச் சுவரில், கதைப்படி செத்துப்போன எங்கள் அப்பாவின் படம் தொங்க வேண்டும். கொண்டுவர வேண்டியவர் மறந்துவிட்டார். டைரக்டர் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். நான் பர்ஸைத் திறந்தேன். உள்ளே, ஊரில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் சொந்த அப்பா, நைனாவின் படம் இருந்தது. குவைத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவர் ஒரு காலத்தில் கிளம்பியபோது எடுத்தது. பயணம் நின்றுபோனது, படம் மட்டும் மிஞ்சியது. அவரை எடுத்த படமே அது ஒன்றுதான். ஒரு சீன்தானே, தூரத்தில்தானே தெரியப்போகிறது என்று எடுத்துக் கொடுத்தேன். நல்ல பேர் வாங்கும் ஆசை. பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, மாலை சாத்தி, மேலே சிவப்பு பல்பும் எரியவிட்டார்கள். சின்னப் படத்தை, பெரிதாக்கிக் கொடுத்த போட்டோ ஸ்டுடியோக்காரர் தொலைத்துவிட்டார்.

சீரியலின் மருமகள் அந்தப் படத்தின் முன்னால் நின்று அழ ஆரம்பித்தாள். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. பிறகு தினமும் அழுதாள். நகரியில் எங்கள் தெருவே உட்கார்ந்து பார்த்தது. நைனாவும் பார்த்தார்.

ஒரு நாள் அம்மா பஸ் ஏறித் திருப்பதிக்கே வந்துவிட்டாள்.

"பக்கத்து வூட்டுக்காரி என் நெத்தியப் பாத்துட்டுதாண்டா பேசவே ஆரம்பிக்கிறா. நைனா சரியா சோறு துன்றதில்ல. தறிகிட்ட போய் சும்மா குந்திக்கினு கெடக்குறாரு. அந்தப் படத்த எடுத்துடு."

"நடுவுல எடுக்க வுட மாட்டாங்கம்மா. இருந்த படம் எங்கன்னு பாக்குறவங்க கேப்பாங்க."

அவளைச் சமாதானப்படுத்தத்தான் அந்தச் சிரிப்புச் சடங்கைச் சொன்னேன். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"படம் எப்பிடிடா சிரிக்கும்? அவர இட்டுக்கினு வர்றேன். அந்த கேமரா எதுர்ல ஒருவாட்டி சிரிச்சிட்டு வரட்டும்."

அடுத்த வாரம் நைனாவை அழைத்து வந்தாள். வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். இளைத்திருந்தார். தன் படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமராமேன் நல்ல மனிதர், மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். "சிரிங்க பெரியவரே" என்றார். நைனா முயன்றார். உதடு கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை.

"வர மாட்டேங்குதுப்பா," என்றார் என்னிடம். "கொஞ்ச நேரம் குந்திக்கினு இருக்கட்டா?"

அதற்குள் மானேஜர் வந்து கடிகாரத்தைக் காட்டினார். கதாநாயகி மதியமே கிளம்ப வேண்டும்.

"உங்க வீட்டு விஷயத்துக்கு மொத்த யூனிட்டும் நிக்கணுமாண்ணே?"

அவ்வளவுதான் கேட்டார். என் வேஷம் கையை விட்டுப் போவது போல எனக்குப் பதறியது. "இன்னொரு நாள் வெச்சிக்கலாம் நைனா" என்று அவர் தோளைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன். மெதுவாகத்தான் தள்ளினேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"செரி, நீ உன் பொயப்ப பாரு," என்றார் நைனா.

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. ஊர் டாக்டர் அதற்கு ஏதோ பெயர் சொன்னார். எனக்கு அந்தப் பெயரில் நம்பிக்கை வரவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

காரியத்துக்குப் படம் வேண்டியிருந்தது. வீட்டில் ஒன்றுகூட இல்லை. செட்டுக்குப் போய்க் கேட்டேன். மானேஜர் தரையைப் பார்த்துக்கொண்டே, "மத்தியானம் ஒரு அழுகை சீன் இருக்குண்ணே. அது முடிஞ்சதும் எடுத்துட்டுப் போங்க" என்றார். அந்த சீனில் நானும் இருந்தேன். அழுதேன். ஒரே டேக்கில் ஓகே ஆனது.

சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நகரிக்குப் போனேன். மூத்த மகன்தான் பொட்டு வைக்க வேண்டும் என்று அம்மா கிண்ணத்தில் சந்தனம் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். படத்தை வாங்கிப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீதான் அப்பவே வெச்சிட்டியேடா," என்றாள்.