கண்டக்டர் தேவசுந்தரத்தின் ரைட்டும் ஹோல்டானும்

புளியங்குடி பஸ்ஸின் கண்டக்டர் தேவசுந்தரத்துக்குக் கூட்டம் பெரிதல்ல. உள்ளே இடமிருக்க, எல்லோரும் பின்படியில் அடைந்து நிற்பதுதான் ஆகாது. "முன்னால போங்கய்யா, காலியாத்தான கெடக்கு!" என்று கத்தியே தொண்டை தகரமாகியிருந்தது. சர்ச்சில் பின்பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருகிறவர்களைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும்.

சங்கரன்கோவில் கால்பந்து அணிக்கும் அவர்தான் கேப்டன். அங்கேயும் இதே தொல்லை. எதிரி பந்தைத் தொட்டாலே ஒன்பது பேர் ஓடிவந்து நம் கோல் முன்னால் அடைந்துகொள்வார்கள். கோல் விழாமல் என்ன செய்யும்? எண்பத்திரண்டில் ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இனி பின்னால நாலு, நடுவுல மூணு, முன்னால மூணு. பஸ்ஸுல மாதிரி நான் 'ரைட்'டுன்னா எல்லாரும் ஏறிப் போயி அவன் கோல் பக்கத்துலயே பந்தைப் புடுங்கணும். 'ஹோல்டான்'னா நின்ன எடத்துல நிக்கணும். நம்மளத் தாண்டி நிக்கிறவன் ஆஃப்சைடு."

கோல்கீப்பர் மூக்காண்டி குறுக்கே புகுந்தான். "அண்ணாச்சி, எனக்கு முன்னால அம்புட்டும் காலி. அவன் தூக்கிப் போட்டாம்னா என் கதி?"

"நிமிந்து பாத்தாத்தானலே தூக்கிப் போடுவான்? பாக்க விடக் கூடாது. சிவகிரிக்காரன்ட்ட தோத்தோம்னா கேப்டன் வேலைய விட்டுருதேன். பெறவு நீங்க பழையபடி கோல் முன்னால குடியிருங்க."

சிவகிரியோடு ஆட்டம். "ரைட்!" என்றதும் முன்வரிசை பாய்ந்தது, நடுவரிசை பின்னாலேயே போய் அடைத்தது. பின்வரிசையில் நின்ற சிவகிரி பேக்குக்குத் திரும்ப இடமில்லை. முன்வரிசை வெள்ளத்துரை அவனிடமிருந்து பந்தைப் பறித்து உள்ளே தள்ளினான். கோல்!

இடைவேளைக்குப் பிறகு, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில்தான் வினை வந்தது. எல்லோரும் சிவகிரி கோலை நோக்கி ஏறிக்கொண்டிருந்த நேரம், மைதானத்தை ஒட்டிய ஸ்டாப்புக்குப் புளியங்குடி பஸ் வந்தது. தேவசுந்தரத்துக்குப் பதிலாக அன்று கண்டக்டராக வந்திருந்த மன்சூர் அலி வெண்கலக் குரலில் கொடுத்தார்: "ஹோல்டான்!"

தேவசுந்தரம் உட்பட அத்தனை பேரும் ஆணி அடித்ததுபோல் நின்றார்கள். சிவகிரிக்காரன் சாவகாசமாக நிமிர்ந்து பார்த்து, பந்தைத் தூக்கிப் போட்டான்; அது மூக்காண்டியின் தலையைத் தாண்டி உள்ளே விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று.

"போதும் அண்ணாச்சி, பின்னால வந்துருவோம்!" மூக்காண்டி அழாத குறை.

"ஏறுதோம்லே" என்றார் தேவசுந்தரம். இப்போது பின்வாங்கினால் இனி எப்போதும் ஏறமாட்டார்கள்.

"ஒம்ம சத்தத்தாலதான்வே கோல் விழுந்துச்சு!" என்று ஓரத்தில் நின்றவர்கள் மன்சூர் அலியைப் பிடித்துக்கொண்டார்கள். மனிதர் பதறிப்போய் பஸ்ஸை விட்டு இறங்கி மைதானக் கோட்டருகே ஓடிவந்தார். பயணிகள் ஜன்னலில் தொங்கினார்கள்.

கடைசி நிமிடம். சிவகிரி கோல்கீப்பர் பந்தைத் தன் பேக்குக்கு உருட்டினான். இதுதான் தருணம்! தேவசுந்தரம் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை போய்விட்டது. கையை ஆட்டித் தவித்தார். மன்சூர் அலிக்குப் புரிந்தது.

"போலாம் ரைட்!"

பஸ்ஸே சேர்ந்து கத்தியது. அணி மொத்தமும் பாய்ந்தது. பேக் திணறினான், பந்து வெள்ளத்துரை காலில். கோல்! விசில் ஊதி ஆட்டமும் முடிந்தது.

'ரைட்' கேட்ட டிரைவர் வழக்கம்போல் பஸ்ஸை எடுத்துவிட்டார். கண்டக்டர் இல்லாமல் போகிற பஸ்ஸின் பின்னால் மன்சூர் அலி அலறிக்கொண்டு ஓடினார்: "ஹோல்டான்! ஹோல்டான்!"

பஸ் நின்றது. கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்த அணியும் அப்படியே நின்றது. தேவசுந்தரம் திரும்பித் தன் கோலைப் பார்த்தார். அங்கே யாருமில்லை. மூக்காண்டி சிவகிரி கோல் வாசலில் வெள்ளத்துரையின் தோளில் உட்கார்ந்திருந்தான்.