வத்தல் மூட்டையும் என் முதுகும்

இல்லை, மருந்து இல்லை. மலைக்காற்றும் இல்லை. முதுகு எப்படிச் சரியானது என்று கேட்கிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன்: நடந்தேன். தலையில் ஒரு மூட்டையுடன்.

அறுபத்திரண்டாம் வருஷம், மே மாதம். அதற்கு முன் ஓராண்டாக முதுகுவலி. மதுரை டாக்டர் பலகையில் படுக்கச் சொன்னார், படுத்தேன். தோல் பெல்ட் கட்டச் சொன்னார், கட்டினேன். குனிந்தால் வலி. உட்கார்ந்தால் வலி. ஜூனில் கல்லூரி திறக்கும். நின்று வகுப்பெடுக்க முடியாவிட்டால் என் வேலை வேறொருவருக்கு. கொடைக்கானலில் ஒரு மாதம் அசையாமல் இருந்து பாருங்கள் என்றார் டாக்டர்.

மதுரையில் காலை ஆறரைக்குப் பஸ். முன்பக்கம் இடம் பிடியுங்கள். பின் இருக்கை தூக்கிப் போடும். வத்தலக்குண்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் என் இடுப்புக்குள்தான் திரும்பியது. பெருமாள்மலையில் பஸ் நின்றுவிட்டது. மேலே, மழையில் மரம் விழுந்திருந்தது.

எப்போது கிளம்பும் என்று டிரைவரைக் கேட்டேன்.

"மரம் குறுக்க கெடக்குங்க. வெட்டித் தள்ளுனாத்தான். உக்காருங்க."

உட்காருவதுதான் என்னால் முடியாத காரியம். கொடைக்கானல் இன்னும் ஏழு மைல். பெட்டியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

பூண்டு விற்றுவிட்டு, வாங்கிய சாமான்களோடு இரண்டு பெண்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாப்பாத்திக்கு என் வயது. மற்றவள் அவள் நாத்தனார் செல்லம்மா. செண்பகனூருக்குச் சற்று முன்னால் பிரியும் பாதையில் அவர்கள் ஊர். கூட வரலாமா என்றேன்.

"வாங்க. வெறுந்தலையா மட்டும் வரக் கூடாது" என்றாள் பாப்பாத்தி. அவர்கள் வழக்கம் அது. வழியில் சேர்ந்துகொள்கிறவர் யாரானாலும் ஒரு சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதுகு சரியில்லை என்று பெல்ட்டைக் காட்டினேன்.

"போலீஸ்காரங்க பெல்ட்டுல்ல போட்டிருக்காங்க" என்றாள் செல்லம்மா. "யாரப் பிடிக்கப் போறீங்க?"

"ஒங்க அண்ணனத்தான்" என்றாள் பாப்பாத்தி. "சோலியப் பாக்காம சீட்டாடிக்கிட்டுக் கெடக்குறாருல்ல."

சிரித்துக்கொண்டே துணியைச் சும்மாடாகச் சுருட்டி என் தலையில் வைத்தார்கள். அதன்மேல், இருந்ததிலேயே லேசான மிளகாய் வத்தல் மூட்டை.

மறுக்கக் கூச்சம். விழுவேன் என்ற பயம். ஆனால் தலையில் மூட்டை இருந்தால் கூன முடியாது. பாதத்தைப் பார்த்து நடக்க முடியாது. கழுத்து நீண்டது. தோள்கள் தாமாகப் பின்னால் போயின. ஒரு மைலில் மூச்சு முட்டியது, பெல்ட்டை அவிழ்த்தேன். அதற்கப்புறம்தான் கவனித்தேன். வலி இல்லை. நின்று, உடம்புக்குள் தேடினேன். இல்லை.

சிரிப்பு வந்துவிட்டது.

"என்னத்துக்குச் சிரிக்கிறாங்க?" என்றாள் செல்லம்மா.

"காத்துக் கருப்பு அடிச்சிருக்கும். வெரசா நடங்க, மழை வருது" என்றாள் பாப்பாத்தி.

வெள்ளி அருவிக்கருகே பஸ் வந்து எங்களைப் பிடித்தது. டிரைவர் நிறுத்தி, ஏறச் சொன்னார்.

"நடந்தே வர்றேன். பெட்டிய மட்டும் ஸ்டாண்டுல எறக்கி வைங்க."

"டிக்கெட்டும் எடுத்துட்டு நடக்குறீங்க. வேண்டுதலா?"

ஆமாம் என்றேன். விளக்கப் பொறுமையில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிரிவுப் பாதையில் மூட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். மீதி மூன்று மைல் தனியாக, வெறுந்தலையாக. சிறிது தூரத்திலேயே பழைய கூன். அதன் பின்னாலேயே வலி. தோளில் கிடந்த கம்பளியை மடித்துத் தலையில் வைத்தேன். நிமிர்ந்தேன். வலி மெல்ல விலகியது. அப்படியானால் மூட்டையல்ல. நிமிர்ந்த நடை. படுக்கையில் நான் ஓராண்டு தொலைத்தது அதைத்தான்.

கொடைக்கானலில் அசையாமல் இருக்கவில்லை. தினமும் காலையில் ஏரியைச் சுற்றினேன், மூன்று மைல், தலையில் கம்பளி. பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். முதலில் கால் நோவு. சில நாட்கள் வலியும் திரும்பி வந்தது. மெதுவாக நடந்தேன், நிறுத்தவில்லை. மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, விடுதி அறைச் சுவருக்கு முழுப் பாடம் ஒன்று நடத்தினேன். நின்றபடி. மணியடிக்கும் நேரம் வரை.

போகிறவர்களுக்கு: மே மாதத்திலும் கம்பளி வேண்டும். பெருமாள்மலைக்கு மேலே நடப்பதானால் மதியத்துக்குமுன் கிளம்புங்கள், பிறகு மழை. கால் மரத்துப்போகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் என்னைப் பின்பற்ற வேண்டாம். கனமான எதையும் தலையில் ஏற்ற வேண்டாம்.

பாடம் நடத்திய மறுநாள் தபாலாபீசுக்கு நடந்து போய், வேலைக்கு வருகிறேன் என்று கல்லூரிக்குத் தந்தி கொடுத்தேன்.