தை வரை காத்திருந்த தம்பி

என் தம்பி கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவன். மாசமாக இருந்த மனைவியை அங்கேயே அவள் தாய்வீட்டில் விட்டுவிட்டு, என் மூத்த மகளின் காதுகுத்துக்காகக் கப்பலேறித் திருமழபாடிக்கு வந்தான். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? வந்த வாரமே எங்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டு கழிவதற்குள் மார்கழி பிறந்துவிட்டதால் காதுகுத்து தைக்குத் தள்ளிப்போனது.

அப்போதுதான் என் கணவர் பத்திரிகையைப் படித்துவிட்டுப் பதறினார்.

“இலங்கையில புதுச் சட்டம் கொண்டாரப் போறாங்களாம் மாப்பிள்ள. அனுமதி இல்லாம இங்கேருந்து யாரும் வேலைக்குப் போக முடியாதாம். நீ ஒடனே கெளம்பு.”

“இன்னும் பேச்சாத்தான மாமா இருக்கு? காது குத்திட்டே போறேன்” என்றான் தம்பி.

சட்டத்துக்கு மார்கழி ஏது, தை ஏது? காது குத்தி முடித்து அரியலூரில் ரயிலேற்றி அனுப்பினோம். அதற்குள் சட்டம் வந்துவிட்டிருந்தது. கடல் தாண்டுமுன்பே, மண்டபம் முகாமிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் அவனுக்குப் பிறந்த மகனுக்கு இப்போது பல் முளைத்துவிட்டதாம்.

சட்டம் வரப்போகிறது என்று படித்தால், வந்துவிட்டது என்றே இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். சென்ற மாதம் இளையவளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் பக்கத்திலேயே இருந்தான். இருந்தும் நானே மடியில் வைத்துக்கொண்டேன். அவன் மடியில் அவன் பிள்ளை இன்னும் உட்காரவில்லை.